ஃபிட்ஸ் வந்தவருக்கெல்லாம் வலிப்பு நோயா? ஓர் எளிய விளக்கம்

கடைத்தெருவில் ஒருவர் கை கால் வெட்டி விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் ‘ஃபிட்ஸ்’ என்பார்கள், சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். மறுநாள் சொந்தக்காரர் ஒருவர், “தலைக்கு ஸ்கேன் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடும்” என்பார். இன்னொருவர், “மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது” என்பார். வீட்டில் இருப்பது பெண் பிள்ளை என்றால், “வெளியில சொல்லாதீங்க” என்பதும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றும் தவறு. வெவ்வேறு காரணங்களும் வெவ்வேறு முடிவுகளும் கொண்ட பல நிலைகளை ஒரே நோயாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. வலிப்பு பற்றிய இன்றைய ஆராய்ச்சியில் பெரும்பகுதி ஒரு கேள்வியைத்தான் கூர்மையாக்கிக்கொண்டே போகிறது: இவருக்கு வந்தது எந்த வகை, எதனால் வந்தது? விடை மாறினால் மருந்து மாறும், மாத்திரை சாப்பிட வேண்டிய காலமும் மாறும். பழைய வடாற்காட்டைச் சேர்ந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. காரணம் கீழே வருகிறது.

மூளைக்குள் நடப்பது என்ன?

வேலூர் நேதாஜி மார்க்கெட்டைக் காலை நேரத்தில் நினைத்துப் பாருங்கள். ஒரு கடையில் வெங்காயம் எடை போடுகிறார்கள், அடுத்ததில் பூ முழம் போடுகிறார்கள், ஒருவர் பேரம் பேசுகிறார், ஒருவர் சில்லறை எண்ணுகிறார். கூச்சலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வியாபாரம் நடக்கிறது. ஒவ்வொருவரும் வேறு வேறு பேசுவதால்தான் நடக்கிறது. திடீரென்று எல்லோரும் ஒரே தாளத்தில் ஒரே சொல்லைக் கத்த ஆரம்பித்தால் ஒரு கடையிலும் எடை போட முடியாது.

மூளையின் செல்களுக்கு நரம்பணுக்கள் என்று பெயர். அவை ஒன்றோடொன்று சிறு மின் துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. ஒரு துடிப்பு கிளம்ப, செல்லின் சுவரில் உள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய வேண்டும். ‘பேசு’ என்று தூண்டும் வேதிப்பொருள் குளூட்டமேட். ‘அடங்கு’ என்று தடுப்பது காபா. இந்த இரண்டுக்கும் உள்ள சமநிலை குலைந்து, ஏராளமான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் அளவுக்கு மீறித் துடிப்பதுதான் வலிப்பு. சோடியம் வாயில்களை அடக்கும் மாத்திரைகளும், காபாவுக்கு வலுச் சேர்க்கும் மாத்திரைகளும் வேலை செய்வது இந்த இடத்தில்தான்.

மார்க்கெட்டின் ஒரு சந்தில் மட்டும் கத்தல் கிளம்பினால் அது பகுதி வலிப்பு. கிளம்பிய இடம் கையை ஆளும் பகுதி என்றால் கை மட்டும் துடிக்கும். நினைவையும் வாசனையையும் ஆளும் பொட்டு மடல் என்றால் வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவது போலிருக்கும், இல்லாத நாற்றம் அடிக்கும், பிறகு ஆள் வெறித்துப் பார்த்தபடி உதட்டைச் சப்புவார், சட்டைப் பித்தானைத் திருகுவார். கீழே விழமாட்டார். சுற்றியிருப்பவர்கள் இதை வலிப்பு என்று நினைப்பதேயில்லை, ‘காத்து கருப்பு’ என்றுதான் அழைத்துப் போகிறார்கள். கத்தல் தொடக்கத்திலேயே மூளையின் இரு பக்கத்தையும் பிடித்தால் முழுமூளை வலிப்பு. விழுந்து வெட்டுவது அதில் ஒரு வகை மட்டுமே. வகுப்பில் பத்து விநாடி வெறித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கும் சிறுமிக்கு இருப்பதும், காலையில் எழுந்ததும் கை உதறி டம்ளரைத் தவறவிடும் பதினைந்து வயதுப் பையனுக்கு இருப்பதும் இதே வகையைச் சேர்ந்தவையாக இருக்கலாம்.

பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தாமே நின்றுவிடும். மூளையே தன்னை அடக்கிக்கொள்ளும். சாவிக்குப் பெயர் வந்தது இப்படித்தான்: இரும்பைத் தேடிக் கொண்டுவந்து கையில் வைக்கும் நேரத்துக்கு வலிப்பு முடிந்துவிடுகிறது.

விழுந்தவருக்கு அருகில் இருப்பவர் செய்ய வேண்டியது

முதலில் மணி பாருங்கள். அடுப்பு, கிணற்று மேடு, இயந்திரம், சாலை ஆகியவற்றிலிருந்து அவரை விலக்குங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், கழுத்துப் பித்தானைத் தளர்த்துங்கள். வெட்டல் அடங்கியதும் ஒரு பக்கமாகப் புரட்டினால் எச்சிலும் வாந்தியும் வெளியே வழியும், மூச்சுக்குழாயில் போகாது. கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள், தோள் மூட்டு விலகும். வாயில் கரண்டியோ துணியோ வைத்தால் பல் உடைந்து தொண்டைக்குள் போகும். முழு நினைவு வரும்வரை தண்ணீர் கொடுக்கக் கூடாது.

ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே அடுத்த வலிப்பு வந்தால் உடனே 108. ஐந்து நிமிடத்துக்குள் நிற்காத வலிப்பு தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு. அரை மணியைத் தாண்டினால் நரம்பணுக்களே சேதமடையும் அபாயம் உண்டு. அடிக்கடி நீண்ட வலிப்பு வருபவர்களின் வீட்டில் மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயை வைத்திருக்க மருத்துவர் எழுதித் தருவார். எடைக்கேற்ற அளவைச் சீட்டில் எழுதி, ஸ்பிரேயோடு சேர்த்து வையுங்கள். பதற்றத்தில் கணக்குப் போட முடியாது. கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தாலும், தலையில் அடிபட்ட பின் வந்தாலும், வாழ்க்கையில் முதல்முறை வந்தாலும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டாம்.

ஒருமுறை வந்த வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு

சர்க்கரை மிகவும் இறங்கினால் வலிப்பு வரும். ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும், தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் வரும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை உள்ள குழந்தைக்குக் காய்ச்சலில் வரும். இவை தூண்டப்பட்ட வலிப்புகள். காரணத்தைச் சரிசெய்தால் போதும், இதற்காக ஆண்டுக்கணக்கில் மாத்திரை தேவையில்லை.

உலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2014-ல் வெளியிட்ட வரையறைப்படி, இப்படிப்பட்ட உடனடித் தூண்டுதல் இல்லாமல் குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை வலிப்பு வந்தால் அது வலிப்பு நோய். ஒரே முறை வந்திருந்தாலும், மூளையில் பழைய தழும்பு போன்ற காரணத்தால் அடுத்த பத்து ஆண்டுகளில் மீண்டும் வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அதுவும் வலிப்பு நோயே.

நம் ஊருக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றும்போது மட்டும் வலிப்பு வருபவர்கள் தென்னிந்தியாவில் கணிசமாக இருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். தண்ணீரின் சூட்டைக் குறைத்தாலே பலருக்கு நின்றுவிடுகிறது. தலைக்குளியலுக்கு முன் மட்டும் குளோபசாம் மாத்திரை கொடுக்கும் முறையும் உண்டு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வலிப்பு ஒரு நிகழ்வு, மீண்டும் மீண்டும் அது வரும் தன்மைக்குத்தான் வலிப்பு நோய் என்று பெயர். பகுதி வலிப்பா முழுமூளை வலிப்பா என்பது அடுத்த கேள்வி.

எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஸ்கேனை வைத்து அல்ல, பார்த்தவர் சொல்லும் விவரத்தை வைத்து. நரம்பியல் மருத்துவரின் முன் உட்காரும் நோயாளிக்கு நடந்தது நினைவிருக்காது. கூட வருபவர் அதைக் கண்ணால் பார்த்தவராக இருக்க வேண்டும். அத்தை பார்த்திருந்தால் அத்தை வர வேண்டும். ஆரம்பத்தில் தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, நாக்கு ஓரத்தில் கடிபட்டதா, எவ்வளவு நேரம் குழம்பியிருந்தார் என்பதையெல்லாம் கேட்பார்கள்.

உதவிக்கு இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முகமும் கை கால்களும் ஒரே படச்சட்டத்தில் தெரிய வேண்டும். முடியும்வரை எடுக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்பதும் பதிவாக வேண்டும். இப்படி எடுத்த வீடியோக்களை வல்லுநர்கள் பார்த்தபோது ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது முறை சரியாகக் கணித்தார்கள் என்று 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சமீப ஆண்டுகளில் வந்த முன்னேற்றங்களில் இவ்வளவு மலிவானது வேறில்லை.

வீடியோவால் தீரும் பெரிய குழப்பம் மயக்கத்தைப் பற்றியது. வெயிலில் வரிசையில் நின்றவர் வெளிறி, வியர்த்து, கண் இருட்டி விழுகிறார், சில விநாடி கை கால் உதறுகிறது, படுத்ததும் தெளிகிறார். இது மூளைக்கு ரத்தம் குறைந்ததால் வந்த மயக்கம். இதயத் துடிப்புக் கோளாறாலும் இப்படி வரலாம், அது உயிருக்கு ஆபத்து. எனவே முதல்முறை விழுந்தவர் எவருக்கும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். கண்ணை இறுக மூடி, விட்டு விட்டு நெடுநேரம் உதறுவது மனநெருக்கடியின் உடல் வெளிப்பாடாக இருக்கக்கூடும். அது நடிப்பல்ல, உண்மையான நோய். வலிப்பு மாத்திரையால் மட்டும் தீராது.

அடுத்தது ஈ.ஈ.ஜி., அதாவது மூளையின் மின் அலைப் பதிவு. மனித மூளையில் இதை முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர், 1924-ல். தலையில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு தகடுகளைப் பசையால் ஒட்டி, இருபது முப்பது நிமிடம் பதிவு செய்கிறார்கள். இடையில் மூன்று நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்வார்கள், கண்முன் விளக்கை மினுக்குவார்கள். மைக்ரோவோல்ட் கணக்கிலான மின்சாரம் என்பதால் தலையில் எண்ணெய் இருந்தால் தகடு சரியாக ஒட்டாது, பதிவு கெடும். முந்தைய நாள் ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் தடவாமல் போங்கள். இரவு குறைவாகத் தூங்கி வரச் சொன்னால் அப்படியே செய்யுங்கள், அரைத் தூக்கத்தில்தான் கோளாறான அலைகள் அதிகம் தெரியும். சாப்பிட்டுவிட்டுப் போகலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

முதல் ஈ.ஈ.ஜி.யில் கோளாறு தெரிவது வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். ‘நார்மல்’ என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளில்லை. இந்தப் பதிவுகளைப் படிக்கப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. அதனால் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் காட்டிப் பழக்கிய ஒரு செயற்கை நுண்ணறிவு நிரலை 2023-ல் சோதித்தார்கள். தேர்ந்த மருத்துவருக்கு இணையாக அது வகைப்படுத்தியது. பெரிய நகரத்துக்கு வெளியே உள்ள மருத்துவமனைகளுக்கு இப்படிப்பட்ட துணை மிகவும் தேவை.

ஸ்கேன், காரணத்தைத் தேடுவதற்கு. எம்.ஆர்.ஐ. எடுப்பதென்றால் ‘வலிப்புக்கான முறையில்’ என்று சீட்டில் எழுதியிருக்கிறதா பாருங்கள். மெல்லிய துண்டுகளாக, பொட்டு மடலின் உட்பகுதி தெரியும் கோணத்தில் எடுக்காவிட்டால் சிறு தழும்புகள் தப்பிவிடும்.

வடாற்காட்டில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: புழுவா?

1980-களில் இந்தியாவில் வலிப்போடு வந்த பலருக்கு சி.டி. ஸ்கேனில் சிறு வளையம் போன்ற ஒற்றைப் புள்ளி தெரிந்தது. அது காசநோய்க் கட்டி என்று கருதிப் பலருக்கு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களில் புள்ளி மறைந்ததும் மருந்து வேலை செய்துவிட்டது என்று நினைத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அந்தப் புள்ளிகளை எடுத்துச் சோதித்துப் பார்த்தபோது பலவற்றில் கிடைத்தது நாடாப்புழுவின் இளம் கூடு. 1989-ல் இதை லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதே மருத்துவமனையின் வேதாந்தம் ராஜசேகர் குழு பின்னர் அடையாள விதிகளை வகுத்தது: புள்ளி ஒன்றே ஒன்றாக, 20 மில்லிமீட்டருக்குள், மூளையின் நடுக்கோட்டைத் தள்ளாமல் இருந்து, நோயாளிக்கு வேறு நோய்க்குறியோ கூடிவரும் பலவீனமோ இல்லையென்றால் அது பெரும்பாலும் புழுக்கூடு. பலருக்குத் தலையைத் திறக்கும் தேவை இதனால் இல்லாமல் போனது.

அதே குழு வேலூர் மாவட்டத்தில் கிராமமும் நகரமுமாக ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பு 2006-ல் வெளியானது. ஆயிரத்துக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு.

இது எப்படி மூளைக்குப் போகிறது என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். “நாங்க சைவம், பன்னிக்கறி தொடமாட்டோம்” என்பவருக்கும் வரும். சரியாக வேகாத, புழுக்கூடு உள்ள பன்றி இறைச்சியைத் தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அது பல மீட்டர் நீளும், ஆனால் மூளைக்கு வராது. அவர் மலத்தில் முட்டைகள் வெளியேறும். அந்த முட்டை கழுவாத கை வழியாகவோ, குடிநீரிலோ, பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, கேரட், வெள்ளரி வழியாகவோ யார் வயிற்றுக்குள் போனாலும், பொரிந்து குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி மூளையில் தங்கும். முட்டைக்கோஸை மட்டும் குற்றம் சொல்வதில் பொருளில்லை. வீட்டில் சமைப்பவரிடமோ உணவு விற்பவரிடமோ குடற்புழு இருந்தால் போதும்.

உயிரோடு இருக்கும் கூடு, உடலின் எதிர்ப்புச் சக்திக்குத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருக்கும். அது சாகத் தொடங்கும்போது உடல் அதை அடையாளம் கண்டு தாக்கும், சுற்றிலும் வீங்கும். அந்த வீக்கம்தான் நரம்பணுக்களைத் தூண்டி வலிப்பை வரவழைக்கிறது. பிறகு கூடு மறைந்துபோகும், அல்லது சுண்ணாம்புப் புள்ளியாக உறைந்துவிடும்.

சிகிச்சையின் வரிசையும் இதிலிருந்தே புரியும். வலிப்பு மாத்திரை முதலில். ஒன்றிரண்டு கூடுகள் இருந்தால் அல்பெண்டசோல் என்ற புழு மருந்து, நாளொன்றுக்கு உடல் எடையின் கிலோவுக்கு 15 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து, உணவோடு, 10 முதல் 14 நாள். புழு சாகும்போது வீக்கம் கூடும் என்பதால் ஸ்டீராய்டை அதற்கு முன்பே தொடங்குவார்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் பிராசிகுவாண்டல் என்ற இன்னொரு புழு மருந்தும் சேரும். கண்ணுக்குள் கூடு இருந்து அது வீங்கினால் பார்வை போகும், ஆகவே தொடங்கும் முன் கண் பரிசோதனை அவசியம். மூளை முழுக்கக் கூடுகளும் வீக்கமும் இருப்பவருக்குப் புழு மருந்து கொடுப்பதே ஆபத்து, வீக்கத்தை முதலில் அடக்க வேண்டும். வயிற்றுப் பூச்சி மாத்திரைதானே என்று மெடிக்கலில் வாங்கித் தின்பது இந்த நிலையில் உயிரோடு விளையாடுவது.

ஒற்றைக் கூடு மறுஸ்கேனில் சுத்தமாக மறைந்து, வலிப்பும் வராமலிருந்தால், ஆறு மாத அளவிலேயே மாத்திரையைக் குறைக்க மருத்துவர் யோசிப்பார். சுண்ணாம்புப் புள்ளி தங்கிவிட்டால் மேலும் நீளும். ‘ஆயுசுக்கும் மாத்திரை’ என்ற பேச்சு இவர்களில் பலருக்குப் பொருந்தாது.

தடுக்க முடிந்த காரணம் இது என்பதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழிப்பறை, சோப்பு போட்டுக் கை கழுவுதல், ஓடும் நீரில் காய்களைக் கழுவுதல், பன்றிகளைத் தெருவில் திரியவிடாமை ஆகிய நான்கும் சேர்ந்தால் புழுவின் சுற்று அறுபடும். பன்றிகளுக்கான தடுப்பூசியும் ஹைதராபாத்தில் தயாராகிறது. வீட்டில் ஒருவருக்கு மூளையில் கூடு இருந்தால் வீட்டிலுள்ள அனைவரும் மலப் பரிசோதனை செய்வது நல்லது, புழு வைத்திருப்பவர் கூடவே இருக்கலாம்.

சுருக்கமாக: கறி தின்றவர் குடலில் புழு, அதன் முட்டையை விழுங்கியவர் மூளையில் கூடு.

மாத்திரை: எது, எவ்வளவு, எப்போது தோற்கிறது?

ஃபெனோபார்பிடோன் 1912-லும் ஃபெனிடோயின் 1938-லும் வந்தன. இன்று இருபதுக்கும் மேற்பட்டவை உண்டு. வகை தெரியாமல் கொடுத்தால் கெடுதலும் நடக்கும். பகுதி வலிப்புக்கு நன்றாகக் கேட்கும் கார்பமசெபின், காலையில் கை உதறும் அந்தப் பையனுக்கு உதறலை அதிகமாக்கலாம். பிரிட்டனில் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது: பகுதி வலிப்புக்கு லாமோட்ரிஜினும், முழுமூளை வலிப்புக்கு வால்புரோயேட்டும் முன்னின்றன. ஆனால் வால்புரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குக் குறைபாடுகளை உண்டாக்கக்கூடியது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வேறு மருந்தையே தேடுவார்கள். கர்ப்பம் தெரிந்த பதற்றத்தில் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. திருமணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம் இது. வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைத் தடுக்கும் பிரிவு 1999-லேயே இந்து திருமணச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

மாத்திரை தோற்றதாகச் சொல்லப்படும் பலரிடம் உண்மையில் தோற்றது வேளை. திருவிழா, நைட் ஷிஃப்ட், நோன்பு, கல்யாணப் பயணம் என்று ஒரு வேளை தவறினால் ரத்தத்தில் அளவு இறங்கும், தூக்கமும் கெட்டிருக்கும், வலிப்பு வந்துவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் பல வலிப்பு மருந்துகளின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும், இரண்டு மருத்துவரிடமும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள். ஃபெனிடோயினை இன்னொரு வகையில் கவனிக்க வேண்டும். கொஞ்சம் கூட்டினாலும் ரத்த அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக ஏறித் தள்ளாட வைக்கலாம். புதிய மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் உடலில் தடிப்பும் வாய்ப்புண்ணும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிளாஸ்கோவில் புதிதாகச் சிகிச்சை தொடங்கிய 470 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2000-ல் வந்தது. முதல் மருந்திலேயே 47 சதவீதத்தினருக்கு வலிப்பு நின்றது. இரண்டாவதில் மேலும் 13 சதவீதம். மூன்றாவது தனி மருந்தில் 1 சதவீதம் மட்டுமே. அதே ஊரில் 1,795 பேரை வைத்து 2018-ல் வெளியான தொடர்ச்சியிலும் வலிப்பு நின்றவர்கள் 64 சதவீதம்தான். புதிய மருந்துகளால் பக்கவிளைவுகள் குறைந்திருக்கின்றன. அடங்காத அந்த மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருக்கிறது.

இரண்டு மருந்துக்கும் அடங்காவிட்டால்

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய். மூன்றாவது, நான்காவது மாத்திரை என்று ஆண்டுகளைக் கடத்தாமல், அறுவை சிகிச்சைக்குப் பொருந்துமா என்று அந்தக் கட்டத்திலேயே கேட்க வேண்டும். கத்தல் கிளம்பும் இடம் ஒன்றே ஒன்றாக இருந்து, அதை எடுத்தால் பேச்சோ கை காலோ பாதிக்காது என்றால் அதை நீக்கிவிடலாம். டெல்லி எய்ம்ஸ் 116 சிறார்களை வைத்து நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களில் 77 சதவீதத்தினருக்கு ஓராண்டில் வலிப்பு இல்லை. மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் அது 7 சதவீதம்.

வேலூருக்கு இது புதிதல்ல. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை 1949-ல் சி.எம்.சி.யில் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, 1952-லேயே வலிப்புக்கான அறுவை சிகிச்சையை இங்கே செய்தார். இருந்தும் நம் ஊரில் ‘தலையில கத்தியா’ என்ற பயத்தால் பதினைந்து இருபது வருடம் மாத்திரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

அறுவைக்குப் பொருந்தாதவர்களுக்குக் கழுத்து நரம்பைத் தூண்டும் கருவியும், குழந்தைகளுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு முறையும் உண்டு. அந்த உணவு முறையை உணவியலாளர் கண்காணிப்பில்தான் தொடங்க வேண்டும். டிராவே என்ற குழந்தைப் பருவ வலிப்பு நோயில் பெரும்பாலும் எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் கோளாறு இருக்கும். அது தெரிந்தால் சோடியம் வாயிலை அடைக்கும் மருந்துகளைத் தவிர்ப்பார்கள், அவை இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பைக் கூட்டும். கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த போதை தராத கன்னபிடியோல் மருந்துக்கு இந்நோய்க்காக 2018-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. கடையில் விற்கும் கஞ்சா எண்ணெய் எதுவும் இதற்கு ஈடாகாது.

அறுவை பற்றி ஆலோசிக்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியவை: வலிப்பு வந்த தேதியும் நேரமும் எழுதிய நோட்டு, இதுவரை சாப்பிட்ட ஒவ்வொரு மாத்திரையின் பெயர், உச்ச அளவு, அதை நிறுத்தியதற்கான காரணம், பழைய ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகடு (அறிக்கைத் தாள் மட்டும் போதாது), போனில் எடுத்த வீடியோ. கூடவே, நடந்ததைக் கண்ணால் பார்த்த அந்த அத்தை.